லெவல் சரியாக இருந்தும் படம் உடைவது ஏன்? கேபிள் சிக்னல் கோளாறைத் தேடும் முறை

கேபிள் தொழில்நுட்பப் பணிக்கு அண்மையில் வந்த ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: ஒரு வீட்டில் சில சேனல்கள் மட்டும் அவ்வப்போது கட்டம் கட்டமாக உடைகின்றன, அதே கேபிளில் இயங்கும் இணைய மோடமும் இடையிடையே இணைப்பை இழக்கிறது, மீட்டரில் லெவல் நன்றாகவே இருக்கிறது, செட்டாப் பாக்ஸை மாற்றியும் பயனில்லை, பூஸ்டர் ஒன்றைப் பொருத்தியபோது நிலைமை இன்னும் மோசமாயிற்று. இனி எங்கிருந்து தொடங்குவது?

எந்தப் பொருளையும் மாற்றுவதற்கு முன்னால், சிக்னல் எந்த இடம் வரை நன்றாக இருக்கிறது, எந்த இடத்திலிருந்து கெட்டுப்போகிறது என்ற எல்லையைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்த எல்லை தெரிந்துவிட்டால் மாற்ற வேண்டிய பொருள் பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான். தெரியாவிட்டால் செட்டாப் பாக்ஸ், ஸ்பிளிட்டர், கேபிள் என்று எல்லாவற்றையும் மாற்றிய பிறகும் கோளாறு அப்படியே இருக்கும். அந்த எல்லையைத் தேடும்போது லெவலை மட்டும் பார்த்தால் போதாது என்பதைத்தான் முதலில் விளக்க வேண்டியிருக்கிறது.

லெவல் என்பது சிக்னலின் வலிமையைச் சொல்கிறதே தவிர அதன் தூய்மையைச் சொல்வதில்லை. தூய்மையைச் சொல்வது எம்இஆர் (மாடுலேஷன் எரர் ரேஷியோ) என்ற அளவு; அது உயர உயரச் சிக்னல் தூய்மையானது. மீட்டர் அதையும் டெசிபெல்லில்தான் காட்டும். 256 குவாம் என்ற, தகவலை நெருக்கமாக அடைத்து அனுப்பும் முறையில் வரும் ஒரு சேனலுக்கு எம்இஆர் ஏறத்தாழ 28 முதல் 30 டெசிபெல்லுக்குக் கீழே இறங்கினால் படம் உடையத் தொடங்கும். நெருக்கம் குறைந்த 64 குவாம் சேனலோ அதைவிட ஏறத்தாழ 6 டெசிபெல் குறைவான எம்இஆரிலும் தாக்குப்பிடிக்கும். ஒரே கேபிளில் சில சேனல்கள் உடைந்து சில சேனல்கள் தெளிவாக இருப்பதற்கு இது ஒரு காரணம். டிஜிட்டல் சிக்னலில் பிழைதிருத்தம் வேலை செய்வதால், கோளாறு வளர்ந்துகொண்டே போனாலும் படம் கடைசி வரை மாசில்லாமல் தெரிந்து, ஒரு கட்டத்தில் திடீரென உடைந்துவிடும். ஆகவே படம் நன்றாகத் தெரிகிறது என்பது சிக்னல் நன்றாக இருக்கிறது என்பதற்குச் சான்றாகாது. 256 குவாம் சேனலில் எம்இஆர் 35க்கு மேல் இருந்தால் நிம்மதியாக இருக்கலாம். அது 31 ஆக இருந்தால், இன்று படம் ஓடினாலும் அடுத்த மழையில் புகார் வந்துவிடும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

எம்இஆரோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது பிழை எண்ணிக்கை. பிழைதிருத்தத்துக்கு முன்பு எத்தனை பிழைகள், பின்பு எத்தனை பிழைகள் என்று மீட்டர் தனித்தனியாகக் காட்டும். எம்இஆர் உயர்வாக இருந்தும் பிழைகள் விட்டுவிட்டு ஏறினால், அது நொடியின் சிறு பகுதியில் வந்து மறையும் தாக்குதல் என்று பொருள். தளர்ந்த இணைப்பு, மோட்டாரிலிருந்தோ மோசமான மின்சுற்றிலிருந்தோ வரும் மின்பொறி இரைச்சல் போன்றவை இப்படித்தான் வெளிப்படும். எம்இஆர் ஒரு சராசரி என்பதால், அந்தக் கணநேரக் குறைவு அதில் கரைந்துவிடுகிறது. உங்கள் மீட்டரில் லெவல் சரியாக இருந்தும் படம் உடைவதற்கு இது முதல் ஐயமாக இருக்க வேண்டும்.

பூஸ்டர் ஏன் நிலைமையை மோசமாக்கியது என்பதும் இங்கேயே விளங்கிவிடும். பூஸ்டர் என்பது ஓர் ஆம்ப்ளிஃபயர்; அது தன்னிடம் வந்து சேரும் சிக்னலையும் இரைச்சலையும் ஒரே அளவில் பெருக்குகிறது. அதற்கு மேல் தன்னுடைய இரைச்சலையும் சேர்க்கிறது. வந்து சேர்ந்ததைவிடத் தூய்மையான சிக்னலை எந்த ஆம்ப்ளிஃபயராலும் தர முடியாது. லெவல் ஏற்கெனவே போதுமானதாக இருந்த இடத்தில் அதைப் பொருத்தினால், எல்லாச் சேனல்களின் கூட்டு ஆற்றலும் அதன் தாங்குதிறனைத் தாண்டி, சேனல்கள் ஒன்றோடொன்று கலந்து புதிய குறுக்கீடுகளை உண்டாக்கும். லெவல் ஏறும், எம்இஆர் இறங்கும். மோடத்தின் நிலை இன்னும் பரிதாபமானது: திரும்பு பாதை இல்லாத சாதாரண பூஸ்டராக இருந்தால், மோடம் அனுப்பும் சிக்னல் அதைக் கடந்து போகவே முடியாது. ஆகவே அந்தப் பூஸ்டரைக் கழற்றிவிட்டுத்தான் அளவெடுக்கத் தொடங்க வேண்டும். வீட்டு ஆம்ப்ளிஃபயரைப் பயன்படுத்த நியாயமான இடம் ஒன்று உண்டு: நுழைவாயிலில் சிக்னல் தூய்மையாக இருந்து, வீட்டுக்குள் பல அறைகளுக்குப் பிரிக்கும்போது வரும் இழப்பை ஈடுகட்ட வேண்டியிருக்கும் இடம். அங்கும் அதை ஸ்பிளிட்டருக்கு முன்னால்தான் வைக்க வேண்டும்.

இனி எல்லையைத் தேடும் முறை. முதல் அளவை கம்பத்திலோ சுவரிலோ உள்ள டேப்பின் (தெருக் கேபிளிலிருந்து வீடுகளுக்குச் சிக்னலைப் பிரித்துத் தரும் பெட்டி) வாயிலில், வீட்டுக்குப் போகும் கேபிளைக் கழற்றிவிட்டு எடுங்கள். அங்கேயே எம்இஆர் மோசமாக இருந்தால் வீட்டுக்குள் நுழைய வேண்டியதே இல்லை. கோளாறு தெருவில் இருக்கிறது, பக்கத்து வீடுகளிலும் அதன் அறிகுறி இருக்கும். டேப்பில் நன்றாக இருந்தால், அடுத்த அளவு வீட்டு நுழைவாயிலில், அதாவது தரையிணைப்புக் கட்டையில் அல்லது முதல் ஸ்பிளிட்டருக்குள் நுழையும் முனையில். நீண்ட பாதையாக இருந்தால் நடுவில் ஓரிடத்தில் அளந்து, கெட்ட பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, அதையும் பாதியாக்கிப் போவது வேகமானது.

ஒவ்வோர் இடத்திலும் மீட்டரைப் பார்ப்பதற்கு முன், அங்கே எவ்வளவு இருக்க வேண்டும் என்று கணக்கிட்டு வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பழக்கம் இல்லாதவர்களுக்கு மீட்டர் வெறும் எண்களைத்தான் காட்டும். வீடுகளில் வழக்கமாகப் பயன்படும் ஆர்ஜி-6 என்ற கோஆக்சியல் கேபிளில் 100 மீட்டருக்கு இழப்பு 55 மெகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 5 டெசிபெல், 750 மெகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 18.5 டெசிபெல். இரண்டு வழி ஸ்பிளிட்டரில் ஒவ்வொரு வாயிலுக்கும் ஏறத்தாழ 3.5, நான்கு வழியில் 7, எட்டு வழியில் 11 டெசிபெல் குறையும். டேப்பில் இரு முனை அதிர்வெண்களிலும் லெவல் 12 டிபிஎம்வி (1 மில்லிவோல்ட்டை 0 எனக் கொண்டு டெசிபெல்லில் சொல்லும் அளவு) இருக்கிறது, அங்கிருந்து 30 மீட்டர் ஆர்ஜி-6, பிறகு ஒரு இரண்டு வழி ஸ்பிளிட்டர், அதன் பிறகு மோடம் என்று வைத்துக்கொண்டால், மோடத்தில் 750 மெகாஹெர்ட்ஸில் 12லிருந்து 5.6ஐயும் 3.5ஐயும் கழித்து ஏறத்தாழ 3 டிபிஎம்வியும், 55 மெகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 7 டிபிஎம்வியும் இருக்க வேண்டும். அங்கே உயர் அதிர்வெண்ணில் கழித்தல் 6 காட்டினால், மோடத்துக்கு அது ஏற்றுக்கொள்ளத்தக்க லெவல்தான் என்று விட்டுவிடக் கூடாது. 9 டெசிபெல் எங்கோ காணாமல் போயிருக்கிறது, அது போன இடத்தில்தான் உங்கள் கோளாறும் இருக்கிறது. (சில மீட்டர்கள் டிபி மைக்ரோவோல்ட்டில் காட்டும், 0 டிபிஎம்வி என்பது 60 டிபி மைக்ரோவோல்ட் என்று நினைவில் வைத்தால் குழப்பம் வராது.)

மேலே இரண்டு அதிர்வெண்களைக் குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. ஒரே ஒரு சேனலில் அளவெடுத்துவிட்டு முடிவுக்கு வருவதுதான் இந்தப் பணியில் நான் அதிகம் காணும் பிழை. தாழ்ந்த முனையில் ஒன்று, நடுவில் ஒன்று, உயர்ந்த முனையில் ஒன்று என்று குறைந்தது மூன்று சேனல்களை அளந்தால், கோளாறின் தன்மையே கண்முன் வந்துவிடும். உயர்ந்த முனை மட்டும் அளவுக்கு மீறிச் சரிந்திருந்தால் கேபிளுக்குள் நீர் புகுந்திருக்கலாம், அல்லது பழைய மெல்லிய ஆர்ஜி-59 கேபிள் பாதையில் எங்கோ இருக்கலாம், அல்லது தேவைக்கு மேல் நீளமாகச் சுருட்டி வைத்திருக்கலாம். இதற்கு நேர்மாறாகத் தாழ்ந்த முனை மட்டும் குறைந்திருந்தால், நடுக்கம்பி எங்கோ தொடாமல் நிற்கிறது என்று ஐயுறலாம். அந்த இடைவெளி ஒரு சிறு மின்தேக்கியாகச் செயல்பட்டு, உயர் அதிர்வெண்களைத் தாண்டவிட்டுத் தாழ்ந்தவற்றைத் தடுக்கிறது. மோடத்தின் அப்ஸ்ட்ரீம், அதாவது அது வெளியே அனுப்பும் சிக்னல், மிகத் தாழ்ந்த அதிர்வெண்களில் இயங்குவதால், இத்தகைய கோளாறில் டிவி ஓரளவு ஓடிக்கொண்டிருக்க, மோடம் மட்டும் முதலில் விழும். உங்கள் கேள்வியில் இரண்டும் சேர்ந்தே பாதிக்கப்படுவதால், பாதிக்கப்பட்ட சேனல்கள் எந்த அதிர்வெண்ணில் உள்ளன என்று குறித்துப் பார்ப்பது மிகவும் பயன்படும்.

இன்னொரு வடிவமும் உண்டு. லெவல்கள் சீராகச் சரியாமல் அலை அலையாக ஏறி இறங்கினால், இரண்டு இடங்களில் சிக்னல் மோதித் திரும்புகிறது. நசுங்கிய கேபிள், மூடப்படாத வாயில், 75 ஓம் அல்லாத இணைப்பு போன்றவை இதைச் செய்யும். உங்கள் மீட்டரில் அலைவரிசைப் படம் முழுவதும் தெரியுமானால், அடுத்தடுத்த இரண்டு முகடுகளுக்கு இடையே எத்தனை மெகாஹெர்ட்ஸ் என்று பாருங்கள். ஆர்ஜி-6இல் சிக்னலின் வேகம் ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ 85 விழுக்காடு என்பதால், 127ஐ அந்த மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மோதும் இரு இடங்களுக்கும் இடைப்பட்ட தூரம் மீட்டர் கணக்கில் (நீள அளவில்) கிடைக்கும். முகடுகள் 10 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் இருந்தால் தூரம் ஏறத்தாழ 13 மீட்டர். வீட்டில் 13 மீட்டர் நீளமுள்ள கேபிள் துண்டு எது என்று தேடினால், அதன் இரு முனைகளும்தான் நீங்கள் கழற்றிப் பார்க்க வேண்டியவை.

கழற்றிப் பார்ப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டுப் பகுதியில் வரும் கோளாறுகளில் மிகப் பெரும் பங்கு கேபிள் முனையில் உள்ள எஃப் கனெக்டரில்தான் இருக்கிறது. கனெக்டரைக் கழற்றி, வெளிச்சத்தில் அதன் முகத்தை நேராகப் பாருங்கள். வெள்ளை நுரைக்காப்பு உள்ளே உள்ள உலோகத் தளத்தோடு சமமாக நிற்க வேண்டும். பள்ளத்தில் இருந்தால் கேபிள் முழுவதும் உள்ளே ஏறவில்லை. நடுக்கம்பி விளிம்புக்கு வெளியே 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை நீண்டிருக்க வேண்டும். குட்டையாக இருந்தால் சில நேரம் தொடும், சில நேரம் தொடாது. காப்பைச் சுற்றியுள்ள உலோகப் பின்னலின் ஒற்றை இழை ஒன்று நடுக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் போதும், சேனல்கள் விழும். நடுக்கம்பியின் நிறத்தையும் கவனியுங்கள். ஆர்ஜி-6 வகைகள் பலவற்றில் நடுக்கம்பி எஃகுதான். அதன் மேல் செம்பு பூசப்பட்டிருக்கும். உயர் அதிர்வெண் மின்னோட்டம் கம்பியின் மேற்பரப்பிலேயே ஓடுவதால் அந்தப் பூச்சே சிக்னலைச் சுமக்கிறது. உறையைக் கத்தியால் உரிக்கும்போது செம்பு சுரண்டப்பட்டிருந்தால் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு தெரியும். சில மாதங்களில் அது துருவாக மாறும். இதனால்தான் உரிப்பதற்கென்று உள்ள கருவியைத் தவிர வேறெதையும் பயன்படுத்தக் கூடாது என்று வலியுறுத்துகிறேன். அழுத்திப் பொருத்தும் கம்ப்ரெஷன் வகைக் கனெக்டர் இருக்கும்போது, திருகி ஏற்றும் வகையையோ இடுக்கியால் நசுக்கும் வகையையோ நான் எந்த இடத்திலும் ஏற்பதில்லை.

வெளியில் உள்ள கனெக்டர்களுக்குக் கை இறுக்கம் போதாது. 11 மில்லிமீட்டர் ஸ்பேனரால் மேலும் சிறிது திருப்ப வேண்டும். கேபிள் வீட்டுக்குள் நுழையும் முன் கீழே தொங்கும் ஒரு வளைவு இருந்தால் மழைநீர் அங்கே சொட்டிவிடும். இல்லையென்றால் நீர் கேபிளின் வழியே நடந்து கனெக்டருக்குள் இறங்கும். உள்ளே போன நீர் பின்னலின் இழைகளுக்கிடையே உறிஞ்சப்பட்டு நெடுந்தூரம் பரவும். அலுமினியப் பின்னல் வெண்பொடியாகவும் செம்பு பச்சையாகவும் மாறியிருப்பதைக் கண்டால், கனெக்டரை மட்டும் மாற்றிவிட்டு வந்துவிடாதீர்கள். கேபிளைச் சிறிது சிறிதாக வெட்டிப் பாருங்கள். பின்னல் பளபளப்பாகத் தெரியும் இடம் வரும் வரை வெட்ட வேண்டும், அப்படி ஓர் இடம் வராவிட்டால் கேபிளையே மாற்ற வேண்டும்.

கேபிளில் கை வைப்பதற்கு முன் ஒரு பாதுகாப்புச் செய்தி. வீட்டின் மின் இணைப்பில் நியூட்ரல் கம்பி அறுந்திருந்தால், அந்த மின்னோட்டம் கேபிளின் பின்னல் வழியே திரும்பிப் போகக்கூடும். கேபிள் இணைந்திருக்கும் வரை ஒன்றும் தெரியாது. நீங்கள் கழற்றும் கணத்தில் இரு முனைகளுக்கும் நடுவே உங்கள் உடல் வந்துவிடும். கேபிள் சூடாக இருந்தாலோ, தொட்டால் சுரீர் என்றாலோ, கழற்றும்போது பொறி பறந்தாலோ அங்கேயே நிறுத்தி, மின்வாரியப் பணியாளரையோ மின் பணியாளரையோ அழைக்கச் சொல்லுங்கள். வோல்டேஜ் சோதனைக் கருவி இல்லாமல் இந்தப் பணிக்குப் போகவே வேண்டாம்.

அடுத்து மோடம். அதன் நிலைப்பக்கத்தில் டவுன்ஸ்ட்ரீம் (மோடத்துக்கு வரும் சிக்னல்) லெவல் கழித்தல் 7க்கும் கூட்டல் 7க்கும் இடையே இருப்பது நல்லது. கேபிள் மோடங்களுக்கான டாக்சிஸ் தரம் கழித்தல் 15 முதல் கூட்டல் 15 டிபிஎம்வி வரை அனுமதிக்கிறது. ஆனால் நான் முதலில் பார்ப்பது அப்ஸ்ட்ரீம் லெவலை. அது மோடம் பேசும் குரலின் உரப்பு: பாதையில் இழப்பு கூடக் கூட, மறுமுனை கேட்கும் வரை மோடம் இன்னும் உரக்கப் பேசச் சொல்லப்படுகிறது. 35 முதல் 49 டிபிஎம்வி வரை இருந்தால் நலம்; 50ஐத் தாண்டிவிட்டால் மோடம் தன் எல்லையை நெருங்கிவிட்டது, சிறிய தளர்வு வந்தாலும் இணைப்பு அறும். பதிவேட்டில் டி3 என்று தொடங்கும் பிழைகள் அடுக்கடுக்காக இருந்தால், மோடம் அனுப்பியதற்கு மறுமுனையிலிருந்து பதில் வரவில்லை என்று பொருள். பெரும்பாலும் அது அப்ஸ்ட்ரீம் இரைச்சலின் அடையாளம்.

அப்ஸ்ட்ரீம் இரைச்சலில் ஒரு சிக்கல் இருக்கிறது. டவுன்ஸ்ட்ரீமில் ஒரு வீட்டின் கோளாறு பெரும்பாலும் அந்த வீட்டோடு நின்றுவிடும். அப்ஸ்ட்ரீமிலோ ஒரு நோடின் (ஒரு பகுதி வீடுகளுக்கான இணைப்பு மையம்) கீழ் உள்ள எல்லா வீடுகளின் இரைச்சலும் ஒன்றாகக் கூடி ஒரே இடத்துக்குப் போய்ச் சேர்கிறது. ஆகவே எங்கோ ஒரு வீட்டில் மூடாமல் விட்ட ஸ்பிளிட்டர் வாயில், ஷீல்டு (வெளி அலைகளைத் தடுக்கும் உலோக உறை) இல்லாத ஒரு மலிவுக் கேபிள், நூறு வீடுகளின் இணையத்தைக் குலைக்க முடியும். பயன்படாத வாயில்களில் 75 ஓம் டெர்மினேட்டர் என்ற மூடியைப் போடுவதை நான் இவ்வளவு வற்புறுத்துவது இதனால்தான். இரைச்சல் தெருவில் இருந்து வருகிறது என்று தெரிந்தால், ஆம்ப்ளிஃபயரின் ஒவ்வொரு கிளையாகவும், பிறகு டேப்பின் ஒவ்வொரு வாயிலாகவும் சரிபார்த்து, எதைத் தற்காலிகமாக விலக்கும்போது இரைச்சல் தணிகிறது என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். ஷீல்டு பழுதாக இருப்பதை டவுன்ஸ்ட்ரீமிலும் கண்டுபிடிக்கலாம்: பண்பலை வானொலிக்குரிய 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையோ, கைப்பேசிகள் பயன்படுத்தும் 700, 800 மெகாஹெர்ட்ஸ் பகுதியிலோ உள்ள சேனல்கள் மட்டும் கெட்டு, இருபுறமும் உள்ளவை நன்றாக இருந்தால், வெளி அலைகள் கேபிளுக்குள் புகுகின்றன.

ஒளியிழை வழியாக வந்து வீட்டருகே கோஆக்சியலாக மாறும் அமைப்பானால், ஒரு கணக்கு போதும்: ரிசீவருக்குள் வரும் ஒளி 1 டெசிபெல் குறைந்தால், வெளிவரும் சிக்னல் 2 டெசிபெல் குறையும். தெருவில் எல்லாச் சேனல்களும் ஒரே அளவில் 6 டெசிபெல் இறங்கியிருந்தால், ஒளி 3 டெசிபெல் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். அழுக்கான முனை, இறுக வளைந்த இழை, பச்சை நிறக் கனெக்டரை நீல நிறத்தோடு இணைத்திருப்பது ஆகிய மூன்றும்தான் வழக்கமான காரணங்கள். ஒளி வரும் முனையைக் கண்ணால் ஒருபோதும் பார்க்காதீர்கள். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது.

இறுதியாக, உங்கள் கேள்வியில் உள்ள "அவ்வப்போது" என்ற சொல். விட்டுவிட்டு வரும் கோளாறு நீங்கள் போகும் நேரத்தில் காட்டாது. வாடிக்கையாளரிடம் எந்தச் சேனல், எந்த நேரம், மழையா வெயிலா காற்றா, அப்போது வீட்டில் எந்த இயந்திரம் ஓடியது என்று கேளுங்கள். அவருடைய பதில் மீட்டரைவிட விரைவாக வழிகாட்டும். வெயிலில் கேபிளின் இழப்பு கூடுவது இயல்பே, ஆனால் அது ஒரு பாகை செல்சியஸுக்கு 0.2 விழுக்காடு அளவுதான். வீட்டுக்கு வரும் 30 மீட்டர் கேபிளில், 20 பாகை வெப்பம் கூடினாலும் கால் டெசிபெல் கூட மாறாது. நண்பகலுக்கும் நள்ளிரவுக்கும் இடையே லெவல் 4, 5 டெசிபெல் மாறுகிறது என்றால், வெப்பத்தில் விரிந்து தொடர்பை விடும் ஓர் இணைப்பு இருக்கிறது, அல்லது தெருவில் ஆம்ப்ளிஃபயர் ஒன்று பழுதாகிக்கொண்டிருக்கிறது.

ஆகவே மீட்டரை எம்இஆரும் பிழை எண்ணிக்கையும் தெரியும் திரையில் வைத்து, கடைசி முனையில் இணைத்துவிட்டு, உதவிக்கு ஒருவரை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கனெக்டரையும் மெல்ல அசைத்துப் பாருங்கள். எதை அசைக்கும்போது பிழை ஏறுகிறதோ அதுதான். அதை மாற்றிய பின், மோடத்தின் பிழை எண்ணிக்கையைச் சுழியாக்கி, நேரத்தைக் குறித்துக்கொண்டு வாருங்கள். மறுநாள் திருத்த முடியாத பிழைகளின் எண்ணிக்கை ஏறாமல் இருந்தால் புகாரை மூடலாம்; ஏறியிருந்தால் டேப்பிலும் நுழைவாயிலிலும் எடுத்த அளவுகளை அதிர்வெண்ணோடு எழுதித் தெருப் பராமரிப்புப் பிரிவுக்கு அனுப்புங்கள், அப்போது அவர்கள் வீட்டிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டியிருக்காது.